குருவுக்கும் மூலத்துக்கும் நடுவே ஒரு மச்சான்

மூலம் என்றதும் மருந்துக்கடைப் பக்கம் திரும்ப வேண்டாம். அது அவருக்கு வந்த நோயல்ல, வாங்கிய பட்டப்பெயர். எதைச் சொன்னாலும் "அதெல்லாம் சரி, மூலத்துல என்ன இருக்கு?" என்று கேட்கிற மனிதரை ஊர் வேறு எப்படிக் கூப்பிடும்? நோயாக இருந்திருந்தால் அவருக்கு மட்டும்தான் வலித்திருக்கும். இது பக்கத்தில் இருப்பவர்களுக்கெல்லாம் வலித்தது.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். அந்தக் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று ஓட்டுகிறவர் காலடியில், இன்னொன்று பக்கத்து இருக்கையில் மூலத்தின் காலடியில். கற்றுக்கொள்ள வந்த பெண்மணி, லாரிக்கு ஒரு முழம் முன்னால் தானே சாமர்த்தியமாக நிறுத்திவிட்டதாகப் பூரித்துப் போவார். நிறுத்தியது மூலம். ஆக, நடுவில் புகுந்து காரியம் பார்ப்பவர்களை வாழ்நாளெல்லாம் திட்டித் தீர்த்தவர், வயிறு வளர்த்தது நடுவில் புகுந்துதான். இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள். ஓடுகிற காரிலிருந்து உங்களை இறங்கச் சொல்வார்.

இடைத்தரகர் யாரையும் அவர் நம்பியதில்லை. டாக்டர் சொன்னதை நர்ஸ் வந்து சொன்னால் காதைப் பொத்திக்கொள்வார். மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் எறும்பெழுத்துக் காகிதத்தை எழுத்தெண்ணிப் படித்துவிட்டு, அதில் எழுதியிருந்த பக்கவிளைவெல்லாம் தனக்கு வந்துவிட்டதாக ஒரு வாரம் படுத்துக்கொள்வார். அவருடைய கல்யாணத்திலேயே, யாருக்கும் புரியாத பழைய மொழியில் ஓதிக்கொண்டிருந்தவரைக் கைகாட்டி நிறுத்தி, "ஐயா, இப்ப நான் எதுக்கு ஒத்துக்கிட்டேன்? அதைக் கொஞ்சம் சொல்லுங்க" என்று கேட்டவர். ஓதியவருக்கே தெரியவில்லை. "எங்கப்பா இப்படித்தான் சொல்லுவாரு" என்றார். அந்தக் கல்யாணம் செல்லுமா செல்லாதா என்ற சந்தேகம் மூலத்துக்கு இன்றுவரை தீரவில்லை. மனைவிக்குச் சந்தேகமே இல்லை. "செல்லாதுன்னு எவனாவது எழுதிக் குடுத்தா மொதல்ல எனக்குக் குடுங்க" என்பார்.

இந்த மனிதர்தான், முடியெல்லாம் நரைக்கத் தொடங்கிய வயதில், ஒரு சண்டைக்கலைக் கூடத்தில் போய்ச் சேர்ந்தார்.

டயர் கடைக்கு மேல்மாடி. ஏறும்போதே ரப்பர் வாசனை. தரை முழுக்க நீலப் பாய்கள். கலை கடல்தாண்டி வந்தது. ஆயுதம் கிடையாது. வருகிறவனின் வேகத்தை வாங்கி, அவனையே தரையில் கிடத்துகிற வித்தை. அதை அங்கே கொண்டுவந்து நட்டவர் ஒரு வெளிநாட்டுக் குரு. சில வருடங்களுக்கு ஒருமுறை வருவார். ஒவ்வொருவரையும் செய்துகாட்டச் சொல்லி, உட்கார்ந்து பார்த்து, தன் மொழியில் ஏதோ சொல்வார். எதையும் எழுதித்தர மாட்டார், சான்றிதழ் கிடையாது, கையெழுத்து கிடையாது. சொன்னால் சொன்னதுதான். அந்தச் சொல்லை வைத்துத்தான் யார் மேலே, யார் கீழே, யார் முன்வரிசை என்பதெல்லாம்.

இதில் ஒரே ஒரு சிக்கல். குருவின் மொழி அந்தக் கூடத்தில் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் மூலத்தின் மச்சான், மனைவியின் கூடப்பிறந்த அண்ணன்.

மச்சான் சண்டை போடுகிறவர் அல்ல. பாயில் ஒருநாளும் புரண்டதில்லை. இளமையில் குருவின் நாட்டில், ஒரு துறைமுக மீன்கிடங்கில் ஐஸ் உடைக்கப் போனவர். மொழியை அங்கே மீன்காரிகளிடம் கற்றார், அதாவது வசவிலிருந்து தொடங்கிப் படிப்படியாக மரியாதைக்கு வந்து சேர்ந்தார். திரும்பி வந்து பெட்டி, பை ரிப்பேர் கடை வைத்தார். குரு வரும் நாளில் மட்டும் கடையைச் சாத்திவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் அவர் பக்கத்தில் நிற்பார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! கூடத்தில் குருவுக்கு இருந்த மரியாதை கொஞ்சம் என்றால், மச்சானுக்கு இருந்தது அதைவிடக் கொஞ்சம் கூட.

தான் சேர்ந்தபிறகு குரு முதன்முதல் வந்தபோது மூலம் செய்துகாட்டினார். குரு கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு நீளமாக ஏதோ சொன்னார். மச்சான் தொண்டையைச் செருமினார்.

"மலை மாதிரி உறுதியாம். இப்படியே பண்ணிக்கிட்டு வரச் சொல்றாரு."

மூலம் அன்று வீட்டுக்கு மலைபோல நடந்து போனார். அடுத்தமுறை வந்தபோதும் குரு சொல்ல, மச்சான் "கோட்டைச் சுவர் மாதிரியாம்" என்றார். ஆனால் இந்த முறை மூலத்துக்கு உள்ளே ஒன்று உறுத்தியது. குரு அவ்வளவு நேரம் பேசினார், மச்சான் சொன்னது ஒரு வரி. அடுத்து வந்த ஆளுக்கோ குரு ஒரு முனகல்தான் முனகினார், மச்சானோ கேட்டவர்களெல்லாம் கால் வலித்து உட்காரும்வரை பேசினார். ஒருபக்கம் கழுதை தேய்ந்து கட்டெறும்பாகிறது, இன்னொருபக்கம் கட்டெறும்பு வீங்கிக் கழுதையாகிறது. பக்கத்து இருக்கையில் எவனோ பிரேக்கை மிதிக்கிறான் என்பது பிரேக் மிதிக்கிறவருக்குத் தெரியாதா?

அன்றே முடிவு செய்தார், அந்த மொழியைத் தானே படித்துவிடுவது என்று.

சும்மா சொல்லக்கூடாது, படித்தார். அந்தக் கலையைத் தோற்றுவித்தவர் எப்போதோ எழுதிய சின்னப் புத்தகத்தை மூலமொழியில் தருவித்தார். அகராதி வாங்கினார். காரில் கற்றுக்கொள்பவர் கியரோடு மல்லுக்கட்டும்போது இவர் வினைச்சொல்லோடு மல்லுக்கட்டினார். "சார், இடதுபக்கம் திரும்பட்டுமா?" என்று கேட்டவருக்கு இறந்தகால விகுதியைப் பதிலாகச் சொல்லப்போய், கார் ஒருமுறை காய்கறித் தள்ளுவண்டியில் போய் நின்றது. தக்காளிக்கு மூலம்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது, அதுவும் அந்த மொழியிலேயே சொன்னார்.

வீட்டில் மனைவி வேடிக்கை பார்த்தார்.

"ஏங்க, நீங்க கத்துக்கப் போனது சண்டையா, எழுத்தா?"

"மூலத்தைப் படிக்காம சண்டை வராது."

"மூலத்தைப் படிச்சும் உங்களுக்கு என்கூட ஒரு சண்டைகூட ஜெயிக்க வரலியே. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்னு சொல்லுவாங்க. உங்களுக்கு எங்கண்ணன் கோணல்."

"உங்கண்ணன் கோணல்தான்."

"தெரியும். அதை நான் சொல்லலாம், நீங்க சொல்லக்கூடாது."

புத்தகத்தைப் படிக்கப் படிக்க மூலத்துக்கு ரத்தம் கொதித்தது. கூடத்துச் சுவரில் கொட்டை எழுத்தில் மாட்டியிருந்தது மச்சானின் மொழிபெயர்ப்பு: "வீழ்ச்சி என்பது வீரனின் விதை, அது மண்ணில் விழுந்தால்தான் மரம்." மூலத்தில் இருந்தது இவ்வளவுதான்: "கால் வழுக்கினால் விழு. மூச்சைப் பிடிக்காதே." விதையும் இல்லை, மரமும் இல்லை. அகராதியைத் தூக்கிக்கொண்டு நேரே பெட்டி ரிப்பேர் கடைக்குப் போனார். மச்சான் ஒரு பயணப்பையின் ஜிப்பைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"விதை எங்கேருந்து வந்துச்சு மச்சான்?"

"எந்த விதை?"

"சுவத்துல தொங்குதே, அந்த விதை. மூலத்துல இல்லையே."

மச்சான் ஜிப்பைத் துப்பினார். "இல்லைதான் மாப்ள. கால் வழுக்கினா விழுன்னு எழுதி மாட்டுனா, படியேறி வர்றவன் கீழே டயர் கடைக்காரன் வெச்ச எச்சரிக்கைன்னு நெனச்சுத் திரும்பிப் போயிடுவான்."

"அப்ப பொய் எழுதுவீங்களா?"

"சட்டி சட்டியாச் சோறு போட்டா எவன் திங்கிறான்? பக்கத்துல தொட்டுக்க ஏதாவது வேணாமா?"

"எனக்குச் சோறு மட்டும் போதும்."

"உனக்கு உமியே போதும், உன்னை எனக்குத் தெரியாதா? கடையை விட்டு எறங்கு, கஸ்டமர் வர்றாங்க."

அதன்பிறகு இருவரும் பேசுவது என்றால் குரைப்பது என்று ஆயிற்று.

இந்த நேரத்தில்தான் கூடத்தின் தலைமை வாத்தியார் மகள் வீட்டோடு போய்விடப் போவதாகச் சொன்னார். முன்னால் நிற்கிற இடம் காலியாகப் போகிறது. அந்த இடத்தின் அருமை வெளியாட்களுக்குப் புரியாது. பாயின் ஒரு பக்கம் எல்லோரும் வரிசையாக நிற்க, மறுபக்கம் ஒருவர் மட்டும் அவர்களைப் பார்த்து நிற்பார். அவர் குனிந்தால் எல்லோரும் குனிவார்கள். பகலெல்லாம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தே காலம் போக்கிய மூலத்துக்கு, ஒருமுறையாவது முன்னால் நிற்க வேண்டும் என்று அடிவயிற்றிலிருந்து ஆசை. மனைவியிடம்கூடச் சொல்லாத ஆசை. சொல்லாததால் மனைவிக்கு முன்பே தெரிந்திருந்தது.

கூடத்தின் செயலாளர் ஒரு பல்டாக்டர். எதிரே இருப்பவர் வாயைத் திறந்து வைத்திருக்கும்போதே பேசிப் பழகியவர் என்பதால் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். "குரு அடுத்த மாசம் வர்றாரு. அவரு யாரைச் சொல்றாரோ அவங்கதான் தலைமை, எதிர்ப்பு இல்லையே, சந்தோஷம்" என்று ஒரே மூச்சில் கூட்டத்தை முடித்தார்.

"ஒரு விஷயம்" என்றார் மூலம். "என் முறை வர்றப்ப நடுவுல யாரும் வேணாம். குருகிட்ட நானே பேசிக்கிறேன்."

கூடம் மச்சானைப் பார்த்தது. மச்சான் படியில் இறங்கும்போது மூலத்தின் தோளைத் தொட்டார்.

"வேணாம் மாப்ள. சொன்னாக் கேளு."

"பயமா இருக்கா மச்சான்?"

"ஆமாடா, பயமாத்தான் இருக்கு. உனக்காக."

மூலத்துக்கு உச்சி குளிர்ந்தது. திருடன் பயப்படுகிறான் என்றால் கதவு சரியான கதவுதான்.

குரு வந்தார். குள்ளமான மனிதர், மூக்கில் சளி. கைக்குட்டையும் கையுமாக நாற்காலியில் உட்கார்ந்தார். ஒவ்வொருவராக வந்து எதிராளியைக் கிடத்திக் காட்டினார்கள். குரு ஏதோ சொல்ல, மச்சான் "ஆற்று வெள்ளம் மாதிரியாம்", "காற்றில் நாணலாம்" என்று பிரசாதம் போல ஆளுக்கொன்றாக அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பல்டாக்டருக்கு "பருந்து" கிடைத்தது.

மூலத்தின் முறை. செய்தார். எதிராளி ஒருவழியாக விழுந்தான். விழுந்தானா, இவர் மேல் இருந்த மரியாதைக்குப் படுத்தானா என்பது வேறு விஷயம். மூச்சு வாங்க நேரே குருவின் முன் போய் நின்று, மச்சானைக் கையால் விலக்கிவிட்டு, மனப்பாடம் செய்திருந்ததைச் சொன்னார்.

குரு கைக்குட்டையை இறக்கினார். வாய் திறந்தது. பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

விஷயம் இதுதான்: மூலம் மொழியைப் படித்தது பழைய புத்தகத்திலிருந்து. டீக்கடையில் போய் நின்று, "அன்பிற் சிறந்தோய், சீனி குறைத்து ஒரு குவளை நல்குக" என்று ஒருவன் கேட்டால் டீ ஆற்றுகிறவருக்கு எப்படி இருக்கும்? குருவுக்கு அப்படி இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்:

"அந்தப் புத்தகத்தையா படித்தாய்? எங்கள் ஊரில் அதை யாரும் படிப்பதில்லை. எனக்கே புரியாது. பள்ளிப் பிள்ளைகளுக்காகச் சுருக்கி எளிதாக்கியது ஒன்று உண்டு, அதைத்தான் நான் படித்தேன்."

மூலத்துக்கு இடி. குருவே நடுவில் ஒருவர் சுருக்கிக் கொடுத்ததைத்தான் படித்திருக்கிறார்! ஆனாலும் சமாளித்துக்கொண்டு, தன் ஆட்டம் எப்படி என்று கேட்டார். குரு மீண்டும் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, அன்போடு சொன்னார். இவ்வளவு கஷ்டப்பட்டுப் படித்தவனுக்குப் புரியாமல் போய்விடக் கூடாதே என்ற நல்லெண்ணம்.

"நீ பீரோ. நாலு பேர் சேர்ந்து படியில் இறக்குகிற பீரோ. போன தடவையும் சொன்னேன், அதற்கு முந்தின தடவையும் சொன்னேன், நீ இன்னும் வருகிறாய். உன்னிடம் பிள்ளைகளைக் கொடுத்தால் கூடம் முழுக்க பீரோவாக நிற்கும்."

ஒரு சொல் விடாமல் புரிந்தது. படித்த படிப்புக்குப் பலன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்கு அகராதியும் வாங்கியவர் இவர் ஒருவர்தான்.

"என்ன சொன்னாரு?" என்றார் பல்டாக்டர்.

கூடம் முழுதும் மூலத்தின் வாயைப் பார்த்தது. அந்த அறையில் இப்போது மொழிபெயர்ப்பாளர் அவர்தான். மலை என்று சொன்னால் முன்னால் நிற்கிற இடம் அவருடையது. மச்சான் காட்டிக்கொடுக்கவும் முடியாது, கொடுத்தால் பழைய மலையும் கோட்டையும் சேர்ந்து இடியும். நாக்கு நுனிவரை மலை வந்துவிட்டது. வந்த மலையை மூலம் விழுங்கினார். அவரிடம் உள்ள நல்ல குணம் எது என்று கேட்டால் எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியாது, ஆனால் அந்த விழுங்கலைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

"நான் பீரோவாம்" என்றார். "படியில எறக்குற பீரோவாம். என்னைத் தலைமையாப் போட்டா கூடம் உருப்படாதாம்."

கூடம் கொல்லென்று சிரித்தது.

"சார், தன்னடக்கத்துக்கும் ஒரு அளவு இருக்கு" என்றார் ஒருவர்.

"புத்தகப் படிப்புல வர்ற கோளாறு இது" என்றார் பல்டாக்டர். "நீங்க சொல்லுங்க, குரு என்ன சொன்னாரு?" கேட்டது மச்சானிடம்.

மச்சான் மூலத்தைப் பார்த்தார், குருவைப் பார்த்தார், இஸ்திரி மடிப்பைச் சரிசெய்துகொண்டார்.

"பீரோன்னுதான் சொன்னாரு. அவங்க ஊர்ல பீரோன்னா வீட்டுலயே பெரிய பொருள். பாதுகாப்பு. அசையாத உறுதி. கூடம் முழுக்க இவரு மாதிரி நிக்கணும்ங்கறாரு."

"அடேய்!" என்று கத்தினார் மூலம். "என்னைத் திட்டினாருடா! சத்தியமாத் திட்டினாரு!"

"திட்டலை மாப்ள, பாராட்டினாரு."

"என்னைத் திட்டினது எனக்குத் தெரியாதா? நீ யாருடா அதைப் பாராட்டுங்கறதுக்கு?"

தன்னைத் திட்டினார்கள் என்று நிரூபிக்க ஒரு மனிதன் தொண்டை கிழியக் கத்தியதை அந்தக் கூடம் அன்றுதான் பார்த்தது. குருவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவன் ஏன் கத்துகிறான் என்று மச்சானைக் கேட்டார். மச்சான் மீன்கிடங்கு மொழியில் சொன்ன பதிலும் மூலத்தின் காதில் விழுந்தது: "உங்களுக்கு நன்றி சொல்கிறான்." குரு முகமெல்லாம் மலர்ந்து மூலத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

"பாருங்க, குருவே ஒத்துக்கிட்டாரு" என்றார் பல்டாக்டர். "தலைமை இவருதான், எதிர்ப்பு இல்லையே, சந்தோஷம். போட்டோக்காரரு வர்ற வரைக்கும் யாரும் கலையாதீங்க."

மூலம் மச்சானின் முழங்கையைப் பிடித்துப் பாயின் ஓரத்துக்கு இழுத்துப் போனார்.

"ஏன்டா?"

"ஏன்னா? நீ சொன்னது சரின்னு நான் ஒத்துக்கிட்டா, இங்க இருக்கற ஒவ்வொருத்தனும் எனக்கு என்ன சொன்னாருன்னு கேப்பான். பல்டாக்டரைப் பருந்துன்னா சொன்னாரு? கொசு அடிக்கிற மாதிரி கையை ஆட்டுறான்னாரு."

மூலத்துக்கு அந்தக் கோபத்திலும் உதடு ஒருபக்கம் இழுத்துக்கொண்டது. மச்சானின் வேலையை அவர் வாழ்க்கையில் ரசித்தது அந்த ஒருமுறைதான்.

"சரி, எனக்கு? முதல்தடவை வந்தப்ப அவ்வளவு நேரம் பேசினாரே, என்ன சொன்னாரு? அப்படியே சொல்லு. ஒரு சொல் கூடக்கூடாது, குறையக்கூடாது."

"அதுக்கென்ன இப்போ?"

"சொல்லு."

மச்சான் பெருமூச்சு விட்டார். "கதவு நிக்கிற மாதிரி நிக்கிறான், இவனுக்கு முழங்கால்னு ஒண்ணு இருக்கறதே மறந்து போச்சு, தள்ளுறதுக்கு முன்னாடி முழங்காலை மடக்கிக் கீழே எறங்கச் சொல்லு, அப்பவும் வரலைன்னா வீட்டுக்குப் போகச் சொல்லுன்னாரு."

மூலம் குனிந்து தன் முழங்காலைப் பார்த்தார்.

"முழங்காலை மடக்கச் சொன்னாரா?"

"சொன்னாரு. போன தடவையும் அதேதான்."

"அதை ஏன்டா என்கிட்ட சொல்லலை?"

"திட்டோட திட்டாக் கலந்து வந்துச்சு மாப்ள. கல்லைப் பொறுக்குறப்ப அரிசியும் ரெண்டு விழத்தான் செய்யும். திட்டினாருன்னு சொல்லியிருந்தா, அதை நீ கொண்டுபோய் யார்மேல எறக்கி வெச்சிருப்பே? என் தங்கச்சி மேலதானே?"

இத்தனை வருடம்! நேராக நின்று, கல்லாக நின்று, மலை என்ற நம்பிக்கையில் மலையாகவே நின்று, மூட்டு தேய்ந்து, மாடிப்படி ஏறினால் கிர்ரென்று சத்தம் வருகிற முழங்கால். ஒரே ஒரு வார்த்தை வந்து சேர்ந்திருந்தால்! வசவை வடிகட்டிய மகராசன் வித்தையையும் வடிகட்டிக் கொட்டிவிட்டான்.

மூலம் மச்சானின் இஸ்திரிச் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். மச்சான் பயத்தில் முன்னால் சாய்ந்து தள்ளினார். மூலத்தின் முழங்கால் மடங்கியது. கிர்ரென்றது. உடம்பு கீழே இறங்கியது. மச்சான், பாயில் ஒருநாளும் புரளாத மச்சான், ஒரு பெரிய பயணப்பை போல மூலத்தின் தோளுக்கு மேலே போய், பாயின் நடுவில் தொம்மென்று விழுந்தார்.

குரு நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். கைக்குட்டை கீழே விழுந்தது. மூலத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார்:

"இதுதான். இதைத்தான் கேட்டேன். இனி இவன் கற்றுக்கொடுக்கலாம்."

"என்ன சொல்றாரு? என்ன சொல்றாரு?" பல்டாக்டர் ஓடிவந்து கேட்டது, மல்லாந்து கிடந்த மச்சானிடம்.

மச்சான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூலத்தை அண்ணாந்து பார்த்தார். அந்தப் பார்வையில் தங்கச்சி புருஷன் என்ற பாசம் பொட்டுக்கூட இல்லை.

"சீன்னு சொல்றாரு" என்றார். "கோபத்துல கை வைக்கிறவன் இந்தக் கலைக்கே கேடாம். முன்னால நிக்கிற எடத்தை இவனுக்கு எந்தக் காலத்துலயும் குடுக்கக் கூடாதாம்."

"அதான் குரு எந்திரிச்சு நின்னே சொன்னாரு!" என்றது கூடம்.

மூலம் வாயைத் திறந்தார். பீரோவுக்காக அவ்வளவு கத்தியவர். இப்போது கத்துவதற்கு நிஜமாகவே ஒன்று இருந்தது, ஆசைப்பட்ட இடமும் ஓரடி தூரத்தில் இருந்தது. பாராட்டைத் திட்டு என்று சொன்னபோதே நம்பாதவர்கள், திட்டைப் பாராட்டு என்று சொன்னால் நம்பவா போகிறார்கள்? வாயை மூடிக்கொண்டார். குருவைப் பார்த்து, முழங்காலை மடக்கி, குனிந்தார். குருவும் குனிந்தார். அது கூடத்துக்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி தெரிந்தது.

தலைமை பல்டாக்டருக்குப் போனது. எதிர்ப்பு இல்லை, அவருக்குச் சந்தோஷம். இன்றைக்கும் அவர் முன்னால் நின்று பருந்தாகக் கையை வீச, எல்லோரும் அதேபோல வீசுகிறார்கள். கடைசி வரிசையில், யாரும் பார்க்காத மூலையில், முழங்காலில் பட்டை கட்டிய ஒரு மனிதர் இறங்கி இறங்கி எழுந்துகொண்டிருக்கிறார். எதிராளியாக அவரோடு நிற்க இப்போது யாரும் முன்வருவதில்லை. முன்னெல்லாம் மரியாதைக்கு விழுந்தார்கள், இப்போது நிஜமாகவே விழ வேண்டியிருக்கிறது.

மச்சானும் மாப்பிள்ளையும் அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஒரே தெரு, ஒரே குடும்பம், சொல்ல வேண்டியது வந்துகொண்டேதானே இருக்கும்? நடுவில் மனைவிதான் நடையாக நடக்கிறார். போன வாரம் அண்ணன் கடையிலிருந்து வந்தவரிடம் மூலம் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் கேட்டார்:

"நம்ம பையை எப்பத் தருவானாம் உங்கண்ணன்?"

"இடுப்பு வலி இன்னும் விடலியாம். வெள்ளிக்கிழமைக்குள்ள தைச்சுக் குடுத்துர்றேன்னுச்சு. உங்க முழங்கால் எப்படி இருக்குன்னு கேட்டுச்சு."

மச்சான் நிஜமாகச் சொன்னது, அந்தத் தடியன் பையை ஜிப்போடு சேர்த்து அவன் வாயிலேயே தைக்கிறேன் என்று. தெருவுக்கே கேட்டது, மூலத்துக்கும் கேட்டிருக்கும். மூலம் மனைவியின் முகத்தை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். அதில் ஒரு சுருக்கம் கிடையாது.

"பரவாயில்லைன்னு சொல்லு" என்றார்.

அதற்கு முன்னால் மூலம் உதிர்த்த நாலு வார்த்தைகளை மனைவி அண்ணனிடம் சொல்லவில்லை. நானும் இங்கே எழுதுவதற்கில்லை.